ஆவுடையம்மையும் இடக்கைப் பிள்ளையும்

என் கண்களே, இப்படி நெருங்கி உட்காருங்கள். பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தே ஈசனைத் தொழுத ஆவுடையம்மையின் கதையைச் சொல்கிறேன்.

நல்லூற்று என்னும் ஊரின் பாலர் பள்ளியில் அவர் ஆயாவாக இருந்தார். கூட்டுவார், பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பார், ஈரக் கால்சட்டையை மாற்றுவார். பென்சிலை உலக்கைபோல் முழுக்கையால் இறுக்கிப் பிடிக்கும் புதுப் பிள்ளைகளை டீச்சர் அவரிடமே விட்டுவிடுவார். ஆவுடையம்மை அதட்ட மாட்டார். மடியிலிருக்கும் திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்து நீட்டி, "எடு ராசா" என்பார். பிள்ளையின் மூன்று விரல்களும் தாமாகக் குவியும். பூசி முடித்ததும், குவிந்த அதே விரல்களுக்குள் பென்சிலைச் செருகிவிட்டு, "சிவாய நம" என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். அதுதான் அவருக்குப் பூசை.

பிள்ளைகளை அழைக்க வரும் தாய்மார் சிரிப்பார்கள். "என்னக்கா, ஒங்க சாமிக்கு ஏபிசிடி தெரியுமா?" என்றாள் ஒருத்தி.

"தெரியாதுன்னா ஒம்மவன் பக்கத்துல உக்காந்து படிச்சுக்கிடுவார் தாயி" என்றார்.

ஒருநாள் பேச்சி என்ற சிறுமி சம்புடத்துக்குள் இடக்கையை விட்டாள். ஆவுடையம்மை பதறிப்போனார். சாமி திருநீற்றை இடக்கையால் தொடலாமா? வலக்கையைப் பிடித்து இழுத்து வைத்தார். மறுநாளும் அப்படியே. வலக்கையில் பென்சில் நிற்கவில்லை. நழுவி நழுவி விழுந்தது. பேச்சி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே ஒளித்துக்கொண்டாள். பிறகு பள்ளிக்கே வரவில்லை.

தேடிப் போனார். பீடி சுற்றிக்கொண்டிருந்த தாய் தலை நிமிராமல் சொன்னாள்: "பென்சிலக் கண்டாலே அழுதா. எனக்கும் எழுத்து வரல, அவளுக்கும் வேண்டாம். விட்ருங்க."

அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. நேரே அம்மையப்பர் கோயிலுக்குப் போனார். வலப்பாதி ஈசனும் இடப்பாதி உமையுமாக ஒரே திருமேனி நிற்கும் சந்நிதி அது. திரை போட்டிருந்தது. மடியில் கொண்டுவந்திருந்த பேச்சியின் பென்சிலைப் படியில் வைத்தார். "ஒம் பேரச் சொல்லியே ஒரு பிள்ளைக்கு எழுத்த அடைச்சிட்டேனே அப்பா. எங்க தப்புனேன்னு காட்டு" என்று கண்மூடி அழுதார்.

அலங்காரம் முடிந்து குருக்கள் திரையை விலக்கினார். தீபம் ஏந்திய கை அப்படியே நின்றது. உமையின் இடக்கையில் குருக்கள் வைத்திருந்த நீலப்பூவைக் காணோம். படியில் கிடந்த பென்சில் அங்கே இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டியும் நடுவிரலும் குவிந்து, ஆவுடையம்மை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே பிடி.

"நான் வைக்கலையேம்மா" என்றார் குருக்கள், மெல்ல.

அவர் எடுத்துத் தந்த பென்சிலை வாங்கிக்கொண்டு, தீபத்தைக்கூடத் தொட்டுக் கும்பிடாமல் ஆவுடையம்மை பேச்சி வீட்டுக்கு ஓடினார். பேச்சியின் இடக்கைக்கு நேரே சம்புடத்தை நீட்டினார். "எடு தாயி. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

பிள்ளை தாயைப் பார்த்தாள். பீடி சுற்றிய கைகள் ஓய்ந்திருந்தன. "எடுட்டி" என்றாள் தாய்.

மூன்று விரல்கள் குவிந்தன. அன்று தாளில் ஓடிய கோடு நடுங்கவில்லை.

உமையவளே பிடித்துக் காட்டும் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த அந்த எளியவரின் பாதம் வாழ்க. கேட்ட உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்கட்டும்; பிள்ளைகள் எந்தக் கையால் எழுதினாலும் அந்தக் கை செழிக்கட்டும்.