ஆப்பிளை விடாத கோமதிநாயகம்

ஆப்பிளைத் தின்றுவிட்டு மரத்து உச்சியிலேயே உட்கார்ந்திருந்தான் கோமதிநாயகம். கீழே மாப்பிள்ளை ஜெபராஜ் துப்பாக்கியோடு அண்ணாந்து பார்த்தான். எதைச் சுடுவது?

செர்பியாவில் இதுதான் வழக்கம். பெண் வீட்டு மரத்து உச்சியில் ஆப்பிளைக் கட்டுவார்கள். மாப்பிள்ளை அதைச் சுட்டு விழவைத்தால்தான் பெண் வாசலைத் தாண்டுவாள். விழவில்லையா, பெண் இல்லை. அங்கே பேக்கரி வேலைக்குப் போன ஜெபராஜ், மிலிட்சாவைக் காதலித்து, கல்யாணத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து மூன்று கூட்டாளிகளை வரவழைத்தான். மூன்று மூளையையும் சேர்த்தால் ஒன்று தேறாது. அதிலும் கோமதிநாயகத்திடம் போய், "ஆப்பிளைக் காக்கா கொத்தாம பத்திரமா பாத்துக்கோலே" என்று சொல்லிவைத்தான். தப்பு அவன்மேல்தான்.

"காக்கா வந்துச்சுலே. வயித்தவிடப் பத்திரமான இடம் உண்டுமா?" என்றான் உச்சியிலிருந்து.

மற்ற இரண்டு பேரும் கூடிப் பேசினார்கள்.

"ஆப்பிள் விழணும். ஆப்பிள் இவன் வயித்துல. அப்போ இவனத்தான் சுடணும்" என்றான் ஆவுடையப்பன்.

"கால்ல சுடலாம்லா?" என்றான் சண்முகவேல்.

"ஆப்பிள் கால்லயா இருக்கு? முறைன்னு ஒண்ணு இல்லையா?"

கோமதிநாயகத்துக்கு நியாயமாகத்தான் பட்டது. சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

பெண்ணின் அண்ணன் ஸ்தெவான் தலையில் அடித்துக்கொண்டு வேறொரு ஆப்பிளை மேலே எறிந்தான்.

"அதக் கட்டிட்டு இறங்குலே!" என்று கத்தினான் ஜெபராஜ்.

"கட்டுனா மறுபடி காக்கா வரும். நானே பிடிச்சிக்கிடுதேன். நீ சுடு."

"கை இருக்குலே மூதி!"

"கைய நான் பாத்துக்கிடுதேன். நீ ஆப்பிளப் பாரு."

ஜன்னலில் மிலிட்சாவின் முகம் வாடிவிட்டது. ஜெபராஜுக்கு வேறு வழியில்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டான்.

"சுட்டாச்சு! ஆப்பிள விடுலே!"

கல்யாணக் கூட்டமே இரண்டு பாஷையில் கத்தியது. கோமதிநாயகம் குனிந்து பார்த்தான். அவ்வளவு உயரம். விழுந்தால் ஆப்பிள் நசுங்கிப்போகும். ஒரு கை பத்தாது என்று தோன்றியது. கிளையைப் பிடித்திருந்த கையை எடுத்து, அதையும் ஆப்பிளில் வைத்தான்.

கீழே வைக்கோல் போர் இருந்ததால் பிழைத்தான். ஆப்பிளில் ஒரு கீறல் இல்லை. "விழுந்தது விழுந்ததுதான்" என்று ஸ்தெவான் தலையாட்ட, பேண்டு முழங்கியது. பெண் ஓடிவந்தாள்.

வந்தவள் ஆப்பிளைக் கேட்டாள். கோமதிநாயகம் கொடுக்கவில்லை. பிடித்து இழுத்தாள். வரவில்லை. இழுத்த இழுப்பிலேயே ஜெபராஜோடு மூன்று பேருமாகச் சர்ச்சுக்குள் போனார்கள். மோதிரம் போட அவளுக்குக் கை ஒழியவில்லை. பாதிரியார் பைபிளை மூடிவைத்தார்.

"ஆப்பிளை விடு" என்றார்.

விடவில்லை.