தாம்பூலம் வாங்கிய சொல்வீடு

கோமாறன் என்றொரு அரசன் முத்தங்கரையை ஆண்டான். நல்லவன்தான். காற்று வாங்குவதில் மட்டும் கொஞ்சம் பேராசை. ஒருநாள் மாலை படகுத்துறையில் நின்றவனுக்குக் காற்று சிலுசிலுவென்று பட்டது. "இங்கே ஒரு மண்டபம் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தத் துறையை விட்டால் படகுக்காரர்களுக்கு வேறு இடம் கிடையாது. மற்ற கரையெல்லாம் பாறை. அவர்கள் அரசன் மேலேயே வழக்குத் தொடுத்தார்கள். அந்த நாட்டில் அதற்கு உரிமை உண்டு. ஆனால் சபையில் வழக்கறிஞர்தான் பேச வேண்டும்.

வழக்கறிஞர் என்றால் அந்த ஊரில் சொல்வீடு என்ற வீட்டார்தான். ஒரே கப்பலுக்கு உரிமை கொண்டாடி அடித்துக்கொண்ட இரண்டு வணிகர்களைச் சுங்கச்சாவடி வாசலில் உட்கார்ந்து அந்த வீட்டு முன்னோர் ஒருவர் சமாதானம் செய்துவைத்தார். அன்று தொடங்கிய தொழில், நாலு தலைமுறையில் மாளிகையாகிவிட்டது. இப்போது அங்கே இருபது பேருக்குக் குறையாமல் வழக்கறிஞர்கள். கப்பல் கவிழ்ந்தால் பேச ஒருவர். கூட்டு வணிகம் முறிந்தால் பேச ஒருவர். 'ஆனால்' என்ற சொல்லை எங்கே போடுவது என்று பார்ப்பதற்கென்றே ஒருவர்! இத்தனை பேருக்கும் தலைவி உமையாள்.

அமைச்சர் காடவராயர் இதையெல்லாம் யோசித்தார். உமையாள் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்துத் தாம்பூலத் தட்டோடு சொல்வீட்டுக்குப் போனார். "இந்த வழக்கில் இந்த வீட்டார் அத்தனை பேரும் அரசருக்காகவே பேச வேண்டும்" என்று சொல்லித் தட்டை நீட்டினார். அரசர் வீட்டுத் தட்டாயிற்றே! எல்லாரும் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டார்கள்.

உமையாள் ஊர் திரும்பியபோது வாசலில் படகுக்காரர் தலைவர் வலம்புரி நின்றுகொண்டிருந்தார்.

"ஆச்சி, எங்களுக்குப் பேச ஆளே இல்லைன்னு சொல்றாங்களே, நிசமா?"

உள்ளே போய் விசாரித்த உமையாளுக்கு முகம் சிவந்துவிட்டது. தாம்பூலம் வாங்கி வழக்கை ஏற்றபின் மாறுவது அந்த வீட்டு வழக்கத்திலேயே இல்லை. வெளியே வந்தாள்.

"நிசந்தான் வலம்புரியாரே. உங்கள் பக்கம் நாங்கள் வாயைத் திறக்க முடியாது."

பெரியவர் திரும்பினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் போன விதம் உமையாளை என்னவோ செய்தது. உள்ளே வந்து கேட்டாள்.

"தட்டை நீட்டும்போது அமைச்சர் என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்கள்."

சொன்னார்கள். உமையாள் மெல்லச் சிரித்தாள். "அத்தனை பேருமா? நல்லது. அத்தனை பேரும் சபைக்குக் கிளம்புங்கள்."

மறுநாள் சபை கூடியது. எதிர்த்தரப்பில் பேச யாருமில்லை. காடவராயர் மீசையைத் தடவிக்கொண்டார். அரசன், "சரி, என் பக்கம் பேசிவிடுங்கள். சட்டென்று முடித்துவிடலாம்" என்றான்.

உமையாள் எழுந்தாள். "அரசே, கட்சிக்காரருக்கு நல்லது கெட்டது சொல்லிவிட்டுத்தான் வழக்கில் இறங்குவது எங்கள் வீட்டு முறை. அமைச்சர் எங்கள் அத்தனை பேரையும் அமர்த்தியிருக்கிறார். ஒருவர் விடாமல் சொல்வோம். நடுவில் கட்சிக்காரர் எழுந்துபோகக் கூடாது."

"ஆகட்டும்" என்றான் அரசன், விவரம் தெரியாமல்.

கப்பல் கவிழ்ந்தால் பேசுபவர் தொடங்கினார். வாடைக்காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் திரும்பும், கயிறு அறுந்த படகு எப்படிச் சுழலும் என்று விரித்துக்கொண்டே போனார். "ஆகவே படகுகள் மண்டபத் தூணில் மோதும் அரசே. தூணை வைத்தது தாங்கள். உடையும் ஒவ்வொரு படகுக்கும் தாங்களே பொறுப்பு."

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்து, கூட்டு வணிகத்துக்காரர். "மிளகுக் கப்பல்கள் கரைக்கு வராது. அந்தப் படகுகள்தான் சரக்கை இறக்குகின்றன. படகு போனால் கப்பல் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும்." இதைச் சொல்ல அவருக்கு உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அரசன் வயிறு கூப்பிட்டது. எழப் போனான். உமையாள் பணிவாகக் கைகூப்பினாள். உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாமவர் எழுந்தார். "மண்டபம் கட்டலாம் அரசே. ஆனால்..."

"ஆனால்?"

"என் வேலை அதோடு முடிந்தது அரசே. மிச்சத்தை அடுத்தவர் சொல்வார்."

அரசன் வரிசையைப் பார்த்தான். அது கதவுவரை போயிற்று. காடவராயர் பக்கம் திரும்பினான்.

"எதற்கய்யா இத்தனை பேரை அமர்த்தினீர்?"

"அவர்கள் பக்கம் பேசிவிடக் கூடாதே என்றுதான்..." அமைச்சரின் கை மீசையிலிருந்து இறங்கிவிட்டது.

"அரசே, அமைச்சர் நினைத்தது எங்கள் மௌனத்தை" என்றாள் உமையாள். "ஆனால் வாய்விட்டுக் கேட்டது எங்கள் பேச்சை. கேட்டதைத்தானே கொடுக்க முடியும்? இதுவரை சொன்னதில் ஒரு சொல் தங்களுக்கு எதிராக உண்டா?"

அரசன் யோசித்தான். உடையும் படகுகளை நினைத்தான். பக்கத்து நாட்டுக்குப் போகும் மிளகை நினைத்தான். ஆறிக்கொண்டிருக்கும் சோற்றையும் நினைத்தான்.

"உமையாள், இந்தப் பேச்சு எப்போது முடியும்?"

"வழக்கு இருக்கும்வரை முடியாது அரசே. மண்டபம் இல்லையென்றால் வழக்கும் இல்லை."

"மண்டபம் வேண்டாம்! துறை படகுக்காரர்களுக்கே. நான் மாடியில் நின்று காற்று வாங்கிக்கொள்கிறேன்."

கடைசி வரிசையில் இருந்த வலம்புரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி உமையாளிடம் கொடுத்தான். கொடுத்தவனுக்கு ஒரு சந்தேகம்.

"என் பக்கம் பேசியே இந்தப் பாடு படுத்தினீர்களே அம்மா. எதிர்ப்பக்கம் பேசியிருந்தால் என் கதி என்னாகியிருக்கும்?"

"காலையிலேயே சாப்பிடப் போயிருப்பீர்கள் அரசே" என்றாள் உமையாள். "எதிராளியை நாங்கள் சீக்கிரம் விட்டுவிடுவோம். கட்சிக்காரரைத்தான் லேசில் விடமாட்டோம்!"