இருதயராஜின் உறைந்த திரை

"ஆறு நாளா தெரிஞ்ச புரோகிராமருங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒருத்தரும் உருப்படியா பதில் சொல்லலை மேடம்," என்றார் இருதயராஜ்.

போனின் மறுமுனையில் செண்பகவல்லி. இருதயராஜுக்கு ஐம்பத்துமூன்று வயது, அவருக்கு இருபத்தொன்பது. ஆனால் ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகளை ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடவிடும் த்ரெட் விவகாரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் கடைசியில் போய் நிற்பது அந்தப் பெண்ணிடம்தான்.

"என்ன ஆச்சு சார்?"

"ஒரு ரத்த வங்கிக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்குன்னு திரையில காட்டும். ஒரு த்ரெட் தகவலை வாங்கிட்டு வரும். இன்னொண்ணு திரையைப் பார்த்துக்கும். திடீர்னு திரை உறைஞ்சு, பழைய தகவலே நிக்குது."

"ம்."

"நேத்து ரெண்டு பை இருக்குன்னு காட்டிச்சு. அதைப் பார்த்து போன்ல சொல்லியிருக்காங்க. ஒருத்தர் தன் மனைவிக்காக நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கார். பை காலையிலேயே தீர்ந்துபோச்சு."

"அந்தம்மா?"

"வேற இடத்துல கிடைச்சுது, பிழைச்சுட்டாங்க. அடுத்த தடவை என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு."

பிரச்சினையைக் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதி அனுப்பினார் இருதயராஜ்.

"நீங்க அனுப்பின சாம்பிளை ஓட்டிப் பார்த்தேன் சார். உறையவே இல்லை."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"இல்லை சார். இன்னொரு தடவை அனுப்புங்க."

இன்னும் சுத்தமாக எழுதி அனுப்பினார். அது முன்னைவிட நன்றாக ஓடியது.

"விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டைப் பெருக்கி வச்ச மாதிரி இருக்கு சார். அங்கே நிஜமா ஓடுறதைத் திறந்து காட்டுங்க."

இருதயராஜுக்கு இருபத்தாறு வருஷமாக இதே தொழில். பாவம், மனுஷருக்குக் கூச்சம். ஒருவழியாகத் தன் கணினித் திரையைப் பகிர்ந்தார்.

நடுவில் நாலு வரி இருந்தது. தகவல் வரவில்லையா, அரை நொடி தூங்கு. மறுபடி பார். வரும்வரை இப்படியே செய். தூங்கச் சொல்லியிருந்தது, திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய த்ரெட்டை. அது தூங்கும்வரை திரையும் உறைந்து நிற்கும்.

அதற்கு மேலே அவரே எழுதிவைத்த குறிப்பு: 'ஏன் என்று தெரியவில்லை. எடுத்தால் புரோகிராம் விழுந்துவிடுகிறது. தொடாதே.'

"இதை மட்டும் ஏன் சார் அனுப்பலை?"

"வெட்கமா இருந்துச்சும்மா."

செண்பகவல்லி சிரிக்கவில்லை. தன்னுடைய பழைய புரோகிராம் ஒன்றைத் திறந்து காட்டினார். அதிலும் ஒரு 'தொடாதே' இருந்தது.

இருதயராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறைச்சு வச்ச நாலு வரியைக் காட்டினீங்க பாருங்க, இப்பதான் சார் கேள்வியே கேட்டிருக்கீங்க," என்றார் செண்பகவல்லி.