சால்வை வாங்கியவன் நாறிய கதை

முன்னொரு காலத்தில் மருதங்காட்டு நாட்டைச் சூரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தாராளமான கை. யாராவது நல்ல காரியம் செய்துவிட்டால் போதும், தம் தோளில் கிடக்கும் பட்டுச் சால்வையை அப்படியே உருவிப் போர்த்திவிடுவார். மறுநாள் அதைப் போர்த்திக்கொண்டுதான் சபைக்கு வரவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம்.

கொஞ்ச நாளாக ராஜாவுக்கு ஒரு விஷயம் விளங்கவே இல்லை. அவர் யாருக்குச் சால்வை போர்த்தினாலும் அந்த ஆள் மறுநாள் நாறினான்.

பட்டத்து யானையைப் பிழைக்கவைத்த வைத்தியன் சோலையப்பனுக்குப் போர்த்தினார். மறுநாள் அவன் கிட்டே வந்து கும்பிட்டபோது ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டார். யானைக் கொட்டிலிலேயே கிடந்தவரை நாறாத மனிதன், பட்டைப் போர்த்தியதும் நாறுகிறானே! இது என்ன கூத்து?

"தாண்டவராயரே, உமக்காவது புரிகிறதா?" என்று கேட்டார்.

தாண்டவராயர் சபையின் மூத்த பிரதானி. அடுத்தவர் தோளில் பட்டு ஏறினால் அவருக்கு வயிறு எரியும்.

"தலைக்கனம், மகாராஜா! தகுதி இல்லாதவன்மேல் ராஜ மரியாதை ஏறினால் உடம்பு தாங்காது. அதுதான் இப்படி வீசுகிறது. இவனையெல்லாம் நாட்டில் வைத்திருக்கலாமா?"

ராஜாவுக்கு அது சரியென்றும் பட்டது, சரியில்லையென்றும் பட்டது. அந்தக் குழப்பத்தோடேயே சோலையப்பனை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டார். "நான் என்ன தப்புப் பண்ணினேன், மகாராஜா?" என்று அவன் அழுதுகொண்டே கேட்டான். அன்று யானை கவளத்தைத் தொடவில்லை. ராஜாவுக்கும் சோறு இறங்கவில்லை.

தாண்டவராயர் சும்மா இருப்பாரா? "மந்திரி அம்பலவாணருக்கும் ஒரு சால்வை போர்த்துங்களேன். அவர் தகுதியும் தெரிந்துவிடும்" என்றார். ராஜா வாள் பயிற்சி முடித்து, வியர்த்து விறுவிறுத்து வந்திருந்தார். உடனே சால்வையை உருவி மந்திரிமேல் போட்டார். மந்திரிக்கு முகம் வெளுத்தது. சபையே அவரை எழவு வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. மரியாதை செய்தால் ஏன் எல்லாரும் பயப்படுகிறார்கள் என்று ராஜாவுக்குப் புரியவில்லை.

மறுநாள் மந்திரி அதே சால்வையோடு வந்தார். ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கிப் போய் முகர்ந்தார். வெட்டிவேர் வாசம்! மறுபக்கம் போய் முகர்ந்தார். அங்கேயும் வெட்டிவேர்தான்.

"நீர் மட்டும் ஏன் நாறவில்லை?"

"என் வீட்டுக்காரி ஒரு பொடி இடித்தாள், மகாராஜா. ராஜ மரியாதைக்கு உடம்பைத் தயார் செய்யும் பொடி."

ராஜா அப்போதே மந்திரி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மந்திரியின் மனைவி உலகம்மாள் அடுப்படியில் இருந்தாள். "பெரிய வித்தை ஒண்ணுமில்லீங்க, மகாராஜா. படிகாரத்தை இரும்புச் சட்டியில் போட்டுப் பொரிக்கணும். வெட்டிவேர், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் காயவெச்சு இடிக்கணும். மெல்லிசுத் துணியில் சலிச்சுக் கலந்தா முடிஞ்சுது. குளிச்சு, ஈரம் போகத் துடைச்சு, அக்குளில் பூசிக்கணும்."

"வாங்குகிறவன் பூசினால் போதுமா?"

உலகம்மாள் மந்திரியைப் பார்த்தாள். மந்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கொடுக்கிறவர் பூசினால் இன்னும் விசேஷம், மகாராஜா. நாளைக்கு நீங்கள் பூசிக்கொண்டு வந்து தாண்டவராயருக்குப் போர்த்துங்கள். அவருக்குப் பொடி வேண்டாம். வீட்டுக்கும் அனுப்பாமல் பொழுது சாயும்வரை சபையிலேயே உட்காரவையுங்கள்."

ஏன் என்று விளங்காமலே ராஜா அப்படியே செய்தார். சால்வை தோளில் விழுந்ததும் தாண்டவராயர் தூக்குமேடைக்குப் போகிறவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். வெயில் ஏறியது, சபை புழுங்கியது. பொழுது சாய்ந்ததும் ராஜா போய் முகர்ந்தார். நாற்றமே இல்லை.

"இவரும் நாறவில்லையே! இவர் பொடி பூசவில்லை. சபையில் வேறு யாரும் பூசவில்லை. பூசியது..."

ராஜா மெல்லத் தம் தோளைப் பார்த்தார். காது மடல்வரை சிவந்துபோனார்.

"மந்திரி, நேற்று உம் சால்வை?"

"உலகம்மாள் பூந்திக்கொட்டையில் ஊறவைத்துத் துவைத்துப் பொடி தூவினாள், மகாராஜா. மன்னிக்க வேண்டும்."

"அப்படியென்றால் இத்தனை நாளும் நாறியது நானா?" என்று ராஜா கத்தினார். "உங்களில் ஒருவருக்கும் மூக்கே இல்லையா?"

சபை தரையைப் பார்த்தது. மந்திரிதான் பேசினார்: "மூக்கு இருந்தது, மகாராஜா. கழுத்தும் இருந்தது."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக அந்த யானை வைத்தியனின் அழுத முகம் வந்தது. குற்றமே செய்யாதவனைத் துரத்திவிட்டோமே என்று நெஞ்சு வலித்தது. "பல்லக்கு அனுப்பாதீர்கள். சோலையப்பனை அழைத்துவர நானே போகிறேன்" என்றார். அம்பலவாணருக்கு முதன்மந்திரிப் பட்டம் கொடுத்தார்; பொடிக்கு உலகம்மாளின் பெயரையே வைத்தார்.

"தாண்டவராயரே, உமக்கும் ஒரு புதுப் பதவி. தினமும் காலையில் நான் கையைத் தூக்குவேன். நீர் முகர்ந்து உண்மையைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் எல்லைக்கு அப்பால்."

சோலையப்பனோடு ராஜா ஊர் திரும்பிய மறுநாள் புதுப் பதவி தொடங்கியது. ராஜா வேண்டுமென்றே பொடி பூசாமல், குதிரைச் சவாரி முடித்து நேரே வந்து கையைத் தூக்கினார். தாண்டவராயர் முகர்ந்தார். மணக்கிறது என்றால் நாடு போகும். நாறுகிறது என்றால் தலை போகுமோ? ராஜாவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. விழித்தார், நெளிந்தார். கடைசியில் அழாத குறையாக வாயைத் திறந்தார்.

"நாறுகிறது, மகாராஜா!"

"இதைச் சொல்லவா இத்தனை நாளும் எனக்கு ஓர் ஆள் இல்லாமல் போயிற்று!" என்று சொல்லிவிட்டு ராஜா குளிக்கப் போனார்.