கடிதத்தின் கீழே இருந்த கையெழுத்து

நொய்யல் கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. நடத்தியவர் செல்லாண்டியம்மாள். வயது நாற்பத்தொன்று. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எல்லோரும் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

டாக்டர் அவினாசியப்பன் ஐந்து வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிற சீடர். ஐம்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. நோயாளிகளைப் பார்க்கிற வேலை இல்லை, அவர்களுடைய ஃபைல்களைப் பார்க்கிற வேலை. யாருக்குப் பணம் தரலாம், யாருக்குத் தரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அந்த ஞாயிறு செருப்பைக் கழற்றும்போதே அவர் முகம் சரியில்லை.

"மூணு நாளா தியானத்துல உட்கார முடியலைங்கம்மா."

"என்னாச்சு?"

"ஆபீஸ் வாசல்ல கூட்டம். எங்க கம்பெனி லாபம் ரெட்டிப்பாயிருச்சுன்னு பேப்பர்ல வந்துது. எங்க தலைவருக்கு வருஷத்துக்குப் பதினெட்டுக் கோடி சம்பளம்னு அதுக்குப் பக்கத்துலயே போட்டுட்டாங்க. கிளெய்ம் கிடைக்காதவங்க எல்லாம் வந்து ரோட்டுல உட்கார்ந்துட்டாங்க. திருடன் திருடன்னு கத்தறாங்க. நான் மாசச் சம்பளக்காரனுங்க. அந்த லாபத்துல ஒரு ரூபா எனக்கு வராது. என்னை எதுக்குத் திருடன்னு சொல்லணும்?"

"உங்களைப் பாத்தா சொன்னாங்க?"

"பொதுவாச் சொல்றாங்க."

"வேற என்ன சொல்றாங்க?"

"தெரியலைங்க. நான் பின்பக்க கேட் வழியாப் போயிடறேன்."

அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த வேட்டியை மடித்து வைத்தார்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"அந்தச் சத்தம் மனசுக்குள்ள வராம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"அவங்க சொல்றதை நீங்க இன்னும் கேட்கவே இல்லை. கேட்காததை மறக்க நான் எப்படிச் சொல்லித்தர்றது?"

"ஒரு மந்திரம், ஒரு மூச்சுப் பயிற்சி, ஏதாவது..."

"நாளைக்கு முன்பக்க கேட் வழியாப் போங்க."

"இது ஒரு வழிங்களா?"

"கேட்டீங்க. சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை அவர் முன்பக்கமாகப் போனார். இருநூறு பேர் இருந்தார்கள். யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. பேண்ட் சட்டை போட்ட, கண்ணாடி போட்ட ஒருவர், அவ்வளவுதான். ஒரு பெண் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஏனுங்க, உங்களுக்கு இங்கிலீசு தெரியுமுங்களா? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

சோமனூர்க்காரி. பெயர் மயிலாத்தாள். புருஷன் விசைத்தறி ஓட்டுகிறவர். இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. ஆபரேஷனுக்குச் சேர்த்த இடத்தில் காப்பீடு மறுக்கப்பட்டதால், மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் ஆகிறது. கடிதம் கசங்கக்கூடாது என்று லேமினேஷன் செய்து வைத்திருந்தாள்.

அவர் கடிதத்தைப் பார்த்தார். அவர் எழுதிய வாக்கியம். அவருடைய கையெழுத்து.

"என்னன்னு போட்டிருக்குங்க?"

"உங்க வீட்டுக்காரருக்கு முன்னாலயே நோய் இருந்துது, அதை மறைச்சுட்டார்னு போட்டிருக்கு."

"யாரு மறைச்சது? ஏஜென்ட் தம்பிதான் பாரத்தை எழுதுச்சு. கையெழுத்துப் போடற இடத்தை மட்டும் விரல் வெச்சுக் காட்டுச்சு. மூணு வருசமாக் கட்டறமுங்க. தறி நின்ன மாசங்கூடக் கட்டுனோம்."

அவள் கடிதத்தின் கீழே விரலை வைத்தாள்.

"இந்தக் கையெழுத்து யாருதுங்க?"

"ஒரு டாக்டருது."

"அவரு எங்கூட்டுக்காரரைப் பாத்தாருங்களா?"

"இல்லை."

"பின்ன எப்படிங்க தெரிஞ்சுது?"

அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பேப்பர்ல வந்த அந்தப் பெரிய மனுசன் ஒரு நாளைக்கு வாங்கற சம்பளத்துல எங்கூட்டுக்காரருக்கு ஆபரேசன் முடிஞ்சுருமுங்க. அதும் மத்தியானத்துக்குள்ள."

மாடிக்குப் போனதும் அவர் அந்த ஃபைலைத் தேடி எடுத்தார். நான்கு வருடத்துக்கு முன்பு அவள் புருஷன் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போனபோது ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. ஐந்து நாளைக்கு மாத்திரை. காய்ச்சலோடு அதுவும் சரியாகிவிட்டது என்று அடுத்த பக்கத்திலேயே எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தை அவர் அன்றைக்குத் திருப்பவில்லை. ஒரு நாளைக்கு எண்பது ஃபைல் பார்க்க வேண்டும்.

மண்டல மேலாளர் வித்யாசாகரிடம் எடுத்துக்கொண்டு போனார்.

"இது தப்பா மறுத்தது சார். மாத்திக் கொடுத்துடலாம்."

"இப்பவா? வெளிய கூட்டம் உட்கார்ந்திருக்கு. இன்னிக்கு ஒண்ணை மாத்தினா நாம பயந்துட்டோம்னு ஆயிடும்."

"தப்புன்னு தெரியுதே சார்."

"அப்ப அவங்க மேல்முறையீடு பண்ணட்டும். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"மேல்முறையீடும் என்கிட்டதானே சார் வரும்?"

"வரட்டும். நிதானமாப் பாருங்க."

"எத்தனை நாள்ல?"

"டாக்டர், உங்களுக்கு இன்னும் நாற்பது ஃபைல் பாக்கி இருக்கு."

அன்று சாயங்காலமே அவர் மடத்துக்கு வந்துவிட்டார். நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

"நான் சின்ன ஆளுங்கம்மா. பதினெட்டுக் கோடி வாங்கறவர் மும்பைல இருக்கார். அவரைக் கேட்க வேண்டியதை எல்லாம் என்னைக் கேட்டா நான் என்ன பண்றது?"

"அந்த அம்மிணி உங்களை என்ன கேட்டாங்க?"

"கையெழுத்து யாருதுன்னு."

"அது மும்பைக்காரரைக் கேட்க வேண்டியதா?"

அவர் தலை குனிந்தார். "சொன்னா அடிப்பாங்க" என்றார்.

"அடிக்கலாம்."

"வேலையும் போயிரும்."

"போகலாம்."

"ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"எனக்கும் அலுத்துப்போச்சு டாக்டர். அஞ்சு வருஷமா உங்களுக்கு ஆறுதல் மட்டுந்தான் சொல்லிட்டிருந்திருக்கேன் போல. போயிட்டு வாங்க."

மறுநாள் காலை மயிலாத்தாள் அதே இடத்தில் இருந்தாள். அவர் அவள் முன்னால் போய் நின்றார்.

"நேத்து கையெழுத்து யாருதுன்னு கேட்டீங்க. என்னுதுங்க."

அவளுக்கு உடனே புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவன் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தான். பித்தான் ஒன்று தெறித்து விழுந்தது. கண்ணாடியும் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த வெள்ளைத்தாளை மட்டும் வெளியே எடுத்தார்.

"எழுதித் தர்றேன்" என்றார். "நான் ஃபைலை முழுசாப் படிக்கலைன்னு எழுதித் தர்றேன்."

"விடுங்க அவரை" என்றாள் மயிலாத்தாள். "எழுதி முடிக்கட்டும்."

தரையில் உட்கார்ந்து, தொடையில் தாளை வைத்து, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கி எழுதினார். இவருக்கு முன்பே இருதய நோய் இருந்ததற்கு ஃபைலில் எந்த ஆதாரமும் இல்லை. நான் சரியாகப் பார்க்காமல் மறுத்தது தவறு. கீழே பெயர், பதிவு எண், தேதி, கையெழுத்து. தமிழிலேயே எழுதினார். காப்பீட்டுக் குறைதீர்ப்பு அலுவலகத்தில் இதைக் கொடுக்கச் சொன்னார்.

அவள் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவர் நன்றியை எதிர்பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார். ஆனாலும் ஏதோ ஒன்றை எதிர்பார்த்து நின்றார்.

"இதை எழுத எத்தனை நேரமாச்சுங்க உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"ஆறு வாரமா அவரு படுக்க முடியாம உக்காந்தே தூங்கறாரு."

அவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். கூட்டம் மறுபடியும் கத்த ஆரம்பித்தது. இப்போது அவருடைய பெயரைச் சொல்லியே கத்தியது.

மத்தியானம் அவருக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. மறுநாள் அவருடைய மேசைக்கு வேறொரு டாக்டர் வந்துவிட்டார். எண்பது ஃபைல் அவருக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அவினாசியப்பன் மடத்துக்கு வந்தார். புதுக் கண்ணாடி. அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதுக்கு மேலயே செஞ்சுட்டேங்கம்மா. உண்மையைச் சொன்னேன். எழுதிக் கொடுத்தேன். வேலையும் கிட்டத்தட்டப் போச்சு. நேத்து சோமனூருக்கே போய் அவங்க அனுப்ப வேண்டிய மனுவை எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மிணி நடையிலேயே நின்னு வாங்கிக்கிட்டாங்க. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை. கூட்டத்துல இன்னும் என் பேரைத்தான் சொல்லிக் கத்தறாங்களாம். இவங்க கோபம் எப்பத்தான் தணியும்?"

"அவங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். உள்ள கட்டில்ல தலகாணியை அடுக்கிச் சாஞ்சு உட்கார்ந்திருந்தார்."

"ஆபரேஷன் எப்ப?"

"விசாரணைக்கே அடுத்த மாசந்தான் தேதி கிடைக்குமாம்."

"நடக்கறாரா?"

"வாசல் வரைக்கும் வந்தார். அதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு. சுவரைப் பிடிச்சுட்டு நின்னுட்டார்."

அம்மா அவரைப் பார்த்தார்.

"அப்புறம் கோபம் தணியறதுக்கு உங்களுக்கு என்ன டாக்டர் அவசரம்?"