வேற்றூரிலிருந்து வந்தவள்

அக்கரையில் வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போக, வேறு பாஷை பேசும் சில குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு மணலூத்து ஊரின் அம்மன் கோயில் வாசலில் வந்து நின்றன.

“வேற்றூர்க்காரர்களை வைத்துக்கொண்டால் நம் அம்மனுக்கே ஆகாது. பொழுது சாய்வதற்குள் கிளம்பட்டும்!” என்றார் ஊர்ப் பெரியதனக்காரர் சடையப்பர். ஊரும் தலையாட்டியது.

“இருந்துட்டுப் போகட்டும் சாமி,” என்றான் கோயிலில் உடுக்கை அடிக்கும் மாயாண்டி.

சடையப்பருக்குக் கோபம் வந்தது. “வெளியூரிலிருந்து வந்து இந்த ஊரை வாழவைத்த ஒரு ஆளைக் காட்டு. முடியாவிட்டால் நீயும் அவர்களோடு நடையைக் கட்டு!”

மாயாண்டி உடுக்கையை எடுத்து, கோயில் கொடைத் திருவிழாதோறும் பாடுகிற அம்மன் கதையைப் பாடினான். மலைக்கு அப்பாலிருந்து அம்மன் ஒரு பெட்டியில் வெள்ளத்தோடு மிதந்து வந்தாள். சடையப்பரின் முன்னோர்தான் கரையேற்றி இடம் கொடுத்தார்கள். அதன்பின் ஊர் செழித்தது.

“ஆளைக் காட்டிட்டேன் சாமி. வந்தவங்கள அனுப்புறதுன்னா, மொதல்ல வந்தவகிட்டருந்து ஆரம்பிங்க.”

சடையப்பர் தோள் துண்டை இடுப்பில் கட்டி, சன்னதி முன் விழுந்து எழுந்தார். கோயில் மண்டபத்தைத் தன் கையாலேயே திறந்துவிட்டார். நனைந்த குழந்தைகளோடு உள்ளே நுழைந்த பெண்கள் மாயாண்டியைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

சடையப்பரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “கொடைக்குக் கொடை கேட்ட பாட்டுதான் மாயாண்டி. இன்னிக்குத்தான் என் காதுல விழுந்துச்சு. நீ நல்லா இருக்கணும்.”