புத்தருக்கு முதுகு காட்டியவர்

காஞ்சியில் தெருவுக்கொரு விகாரை இருந்த காலம் அது. ஊரைப் பார்க்க நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். வண்டிக்காரர்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு முதலில் சுமனத் தேரரின் விகாரைக்கு வருவார்கள். அங்கே ஒரே கல்லில் செதுக்கிய பெரிய புத்தர் இருந்தார். அவரைப் பார்த்தபின் அரசமரம், தாமரைக்குளம், கடைசியாகக் கிழக்கே புத்தரின் அஸ்தி வைத்துக் கட்டிய தாதுகோபம். அதோடு காஞ்சியைப் பார்த்தாயிற்று என்று ஊர் திரும்புவார்கள்.

விகாரை வாசலில் ஆதன் நிற்பார். முப்பது ஆண்டு கோட்டை வாயிலில் காவல் நின்றவர். மனைவி இறந்தபின் தேரரிடம் சீடராக வந்து சேர்ந்தார். தேரரைவிடப் பதினொரு வயது மூத்தவர். வரும் பௌர்ணமிக்குத் துறவியின் துவராடை தருவதாகத் தேரர் சொல்லியிருந்தார். ஆதன் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார்.

கோட்டை வாயில் பழக்கம் அவரை விடவில்லை. வருகிறவர்களை இரண்டாகப் பிரித்துவிடுவார். கும்பிட வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். வேடிக்கைக்காரர்களைப் பக்கவாசல் வழியாகச் சீக்கிரமே வெளியே தள்ளிவிடுவார்.

ஒருநாள் உச்சிவேளையில் கூட்டம் சற்று ஓய்ந்தது. தேரர் வாடிய பூக்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். ஆதன் பக்கத்தில் போய் நின்றார்.

"அடிகளே, ஒரு சந்தேகம்."

"சொல்லும்."

"கும்பிட வந்தவர் யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார் என்று தப்பில்லாமல் கண்டுபிடிப்பது எப்படி?"

"இதுவரை எப்படிக் கண்டுபிடித்தீர்?"

"நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். இன்று காலையில்கூட ஒரு பெண். புத்தருக்கு நேர் முன்னால் வந்து, அவருக்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நகரவே இல்லை. 'யாருக்கம்மா முதுகைக் காட்டுகிறாய்?' என்று ஓர் அதட்டல் போட்டேன். போய்விட்டாள்."

"தனியாகவா வந்தாள்?"

"தோளில் ஒரு குழந்தை."

"குழந்தையின் முகம் எந்தப் பக்கம் இருந்தது?"

ஆதன் பதில் சொல்ல வாயெடுத்தார். குழந்தையின் பின்னந்தலைதான் அவர் நினைவுக்கு வந்தது.

"யாருடைய வண்டியில் வந்தவள்?" என்றார் தேரர்.

"மோசியின் வண்டி. பாலாற்றுக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள்."

"ஆற்றில் தண்ணீர் வருகிறதென்று சொன்னார்களே. சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்."

ஆதன் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அரசமரத்தடியில் மோசியின் வண்டி இல்லை. தாமரைக்குளத்துப் படியில் யார் யாரோ கால் கழுவிக்கொண்டிருந்தார்கள், அங்கேயும் இல்லை. தாதுகோபத்துக்குப் பின்னால், புளியமர நிழலில், மோசி மாடுகளை நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன வாயிற்காவலரே, புத்தரை யார் காவலில் விட்டுவிட்டு வந்தீர்?"

"உன் வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண்..."

"எயினியா? அதோ நிற்கிறாள். நீர் போட்ட அதட்டலில் என் மாடுகளே மிரண்டுபோயின."

எயினி ஆதனைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் கிடந்தது. முகமெங்கும் அம்மைத் தழும்பு.

"குழந்தைக்குக் காட்டத்தான் அப்படி நின்றாயா அம்மா?"

"ஆமாம் ஐயா. இவளுக்குக் கண் போய்விடும் என்றார்கள். பிழைத்தால் காஞ்சிப் புத்தரைக் காட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கூட்டத்தைப் பார்த்தால் அழுவாள். தோளில் சாய்ந்தபடியேதான் எதையும் பார்ப்பாள். அதனால் நான் திரும்பி நின்றேன்."

"பார்த்தாளா?"

"பார்த்துச் சிரித்தாள். என் கழுத்தில் மூச்சுப் பட்டதில் தெரிந்தது."

"நீ பார்த்தாயா?"

எயினி மாடுகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அடுத்து நான் பார்க்கலாம் என்றிருந்தேன். பரவாயில்லை ஐயா. இவள் பார்த்துவிட்டாள்."

ஆதன் மோசியிடம் போனார். "வண்டியை விகாரைக்குத் திருப்பு."

"நன்றாயிருக்கிறது! இருட்டுவதற்குள் அக்கரை போகாவிட்டால் நாலைந்து நாள் ஆற்றங்கரையிலேயே கிடக்க வேண்டும். உம்முடைய தவறுக்கு என் மாடு ஓடுமா?"

"என் தவறுதான். கொஞ்சம் ஓட்டப்பா."

கோட்டை வாயிலில் எத்தனையோ முறை மோசியின் வண்டியைக் குச்சியால் குத்திச் சோதித்த மனிதர் அவர். அந்த வாயிலிருந்து 'அப்பா' என்ற சொல்லை மோசி கேட்டதில்லை. மாட்டை விகாரைப் பக்கம் திருப்பித் தட்டினான்.

விகாரையில் மறுபடி கூட்டம் சேர்ந்திருந்தது. ஆதன் வழி விலக்கி எயினியைப் புத்தர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். குழந்தையைக் கை நீட்டி வாங்கினார்.

குழந்தை வீறிட்டது. தோளில் போட்டுத் தட்டினார், அடங்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். வாசலைப் பார்த்து நின்றபோது குழந்தைக்கு அவர் தோளுக்கு மேலாகத் தாய் தெரிந்தாள். அழுகை நின்றது. லேசாக அசைந்தாலும் உதடு பிதுங்கியது. ஆகவே ஆதன் அசையவில்லை.

புத்தருக்கு நேரே அவர் முதுகு. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வாசலிலிருந்து மோசியின் குரல் கேட்டது:

"யாருக்கையா முதுகைக் காட்டுகிறீர்?"

சிலர் சிரித்தார்கள். ஆதனுக்குக் காது சுட்டது. அப்படியே நின்றார். பின்னால் எயினி என்ன செய்கிறாள், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், எதுவும் தெரியவில்லை. கடைசியில் அவளே முன்னால் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் முகம் இப்போதுதான் கழுவியதுபோல் இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டிக்கு நடந்தாள்.

மாலையில் ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஒருவர், மோசியின் வண்டி அச்சு நனைய அக்கரை சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். ஆதன் அதைத் தேரரிடம் போய்ச் சொன்னார்.

"நல்லது," என்றார் தேரர்.

ஆதன் போகாமல் நின்றார்.

"இன்னும் என்ன, ஆதனாரே?"

"இந்தப் பௌர்ணமிக்கு எனக்குத் துவராடை வேண்டாம், அடிகளே. ஊரே பார்க்கப் புத்தருக்கு முதுகைக் காட்டி நின்றேன். நான் அதற்கு ஆகமாட்டேன்."

"நின்றபோது எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்?"

"வாசலைத்தான். ஒரு கிழவர் வெயிலில் கால் சுட்டுத் துள்ளிக்கொண்டே உள்ளே வந்தார். புதிதாக மணமானவர்கள் இரண்டு பேர், ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் தாமரை மொட்டை வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தான். பாவம், இரண்டு தரம் கீழே போட்டுவிட்டான்." சொல்லும்போது ஆதனுக்குச் சிரிப்பு வந்தது.

"அவர்களில் கும்பிட வந்தவர் எத்தனை பேர்? வேடிக்கை பார்க்க வந்தவர் எத்தனை பேர்?"

ஆதன் தலையைச் சொறிந்தார். "பார்க்க மறந்துவிட்டேன், அடிகளே."

தேரர் மண்டபத்துக்குள் அமர்ந்திருந்த கல் புத்தரைக் கை காட்டினார்.

"அவரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்."